பிரிண்ட் கொடுப்பதற்கு முன்: தாள் அளவும் தமிழ் எழுத்தும் சரியாக அமைய ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கடை அலமாரியின் கீழ்த்தட்டில் ஒரு கட்டு லீகல் தாள் கிடக்கிறது. ஒரு பக்கம் ஆடித் திருவிழா நோட்டீஸ், மறுபக்கம் வெள்ளை. மூன்று வருடமாக அந்த வெள்ளைப் பக்கத்தில்தான் கணக்கு எழுதுகிறோம், இன்னும் தீரவில்லை. சேலத்தில் ஆடி பிறந்துவிட்டால் கோட்டை மாரியம்மனில் தொடங்கி அம்மாப்பேட்டை, குகை, செவ்வாய்ப்பேட்டை என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மாரியம்மன் திருவிழாதான். அச்சுக்கடைக்காரனுக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. அந்த அவசரத்தில் ஒரு தெருக்கோயில் நோட்டீஸை 300 பிரதி லேசரில் ஓடவிட்டேன். வாங்க வந்த பெரியவர் ஒன்றை எடுத்து நிதானமாகப் படித்துவிட்டு, "ஏனுங்க தம்பி, அன்னதானம் எத்தன மணிக்குன்னே போடலீங்களே?" என்றார்.

போட்டிருந்தேன், கடைசி வரியில். அந்த வரி திரையில் இருந்தது, தாளில் இல்லை.

காரணம் சின்னது. மென்பொருளில் 'லீகல்' என்று தேர்ந்தெடுத்தால் அது 8.5-க்கு 14 அங்குலம், அதாவது 215.9 × 355.6 மி.மீ. நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் லீகல் என்றோ எஃப்.எஸ். (ஃபுல்ஸ்கேப்) என்றோ கேட்டு வாங்கும் கட்டில் பெரும்பாலும் 215 × 345 என்று அச்சிட்டிருக்கும். உயரத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் குறைவு. நான் அடி மார்ஜினை 1 செ.மீ. என்று வைத்திருந்தேன். கணக்குப் போட்டுப் பாருங்கள், கடைசி வரி போய் நின்றது தாளின் விளிம்பில், பிரிண்டர் அச்சடிக்காத ஓரத்தில்.

அன்றிலிருந்து தாள் எது, எழுத்து எது என்று முடிவு செய்யாமல் எங்கள் கடையில் ஒரு வரிகூட டைப் அடிப்பதில்லை. அந்த வழக்கத்தைத்தான் வரிசையாக எழுதுகிறேன். விண்டோஸ் கணினியில் வேர்டு, லிப்ரே ஆஃபீஸ், எக்செல் வைத்து வேலை செய்பவர்களுக்கு நேரடியாகப் பொருந்தும்.

முதல் வேலை: ஸ்கேலை எடுங்கள்

சிரிக்க வேண்டாம். தாள் கட்டின் மேலுறையில் உள்ள அளவைப் படியுங்கள். உறை கிழிந்துபோயிருந்தால் ஒரு தாளை ஸ்கேலால் அளந்து பாருங்கள். ஏ4 என்றால் 210 × 297 மி.மீ. அதில் பாதி ஏ5, 148 × 210. இரண்டு மடங்கு ஏ3, 297 × 420. அமெரிக்காவில் புழங்கும் 'லெட்டர்' தாள் 215.9 × 279.4, ஏ4-ஐவிட 6 மி.மீ. அகலம் அதிகம், உயரம் கிட்டத்தட்ட 18 மி.மீ. குறைவு. லெட்டர் தாளை நம் ஊரில் யாரும் விற்பதில்லை. ஆனால் கணினியின் வட்டாரம் அமெரிக்கா என்று இருந்தால் வேர்டு புதுக் கோப்பை லெட்டரில்தான் திறக்கும். வீட்டில் அடித்துக்கொண்டு வருபவர்களின் கோப்புகளில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான்.

அளவு மூன்று இடங்களில் பதிவாகிறது: கோப்பின் பக்க அமைப்பில், பிரிண்டர் டிரைவரின் (கணினியையும் பிரிண்டரையும் இணைக்கும் மென்பொருளின்) அமைப்பில், பிரிண்டர் ட்ரேயில். மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று மாறினாலும் பிரிண்டர் சும்மா நின்று விளக்கை மினுக்கும், அல்லது மென்பொருள் உங்களைக் கேட்காமலே சுருக்கிவிடும், அல்லது என் நோட்டீஸுக்கு ஆனதுபோல் ஆகும்.

வேர்டில் லேஅவுட் பட்டியில் சைஸ் என்பதைத் திறந்து ஏ4-ஐத் தேர்ந்தெடுங்கள். அதே பட்டியலின் கடைசியில் உள்ள 'மோர் பேப்பர் சைஸஸ்' போனால் பேஜ் செட்டப் பெட்டி திறக்கும். அங்கே 'செட் ஆஸ் டீஃபால்ட்' அழுத்திவிட்டால் இனி வரும் புதுக் கோப்புகள் எல்லாம் ஏ4-லேயே திறக்கும். ஒரு தடவை செய்தால் போதும். லிப்ரே ஆஃபீஸ் ரைட்டரில் ஃபார்மட் மெனுவில் பேஜ் ஸ்டைல், அதில் பேஜ் தாவல்.

நம் ஊர் லீகலுக்கு, பட்டியலில் உள்ள லீகலைத் தொடவே தொடாதீர்கள். 'கஸ்டம் சைஸ்' கொடுத்து அகலம் 21.5, உயரம் 34.5 செ.மீ. என்று அடியுங்கள். கோப்பில் மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் முடியும், டிரைவருக்கும் சொல்ல வேண்டும். விண்டோஸில் 'பிரிண்டர்ஸ் அண்டு ஸ்கேனர்ஸ்' அமைப்பைத் திறந்து, 'பிரிண்ட் சர்வர் ப்ராப்பர்ட்டீஸ்' என்பதைத் தேடிச் சொடுக்குங்கள். 'கிரியேட் எ நியூ ஃபார்ம்' கட்டத்தில் டிக் வைத்து, 'எஃப்எஸ் 215x345' என்பதுபோல் ஒரு பெயரும் அளவும் கொடுத்துச் சேமியுங்கள். பிரிண்டருக்கு அந்த அளவு ஒத்துவந்தால் இனி எல்லா மென்பொருளின் தாள் பட்டியலிலும் அந்தப் பெயர் தெரியும். செவ்வாய்ப்பேட்டை கொலுசுக் கடைக்காரர்கள் சிலர் டாட் மேட்ரிக்ஸில் 10 × 12 அங்குலத் தொடர்தாளில் பில் போடுகிறார்கள். அதற்கும் இதே வழிதான்.

மார்ஜின்

வேர்டின் சாதாரண மார்ஜின் நான்கு பக்கமும் 2.54 செ.மீ. கடிதத்துக்கு அது நன்றாகவே இருக்கும். நோட்டீஸுக்கு இடம் போதாது என்று குறைப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். பெரும்பாலான லேசர் பிரிண்டர்கள் தாளின் ஓரத்தில் சுமார் 4 மி.மீ. வரை அச்சடிக்காது, இங்க்ஜெட் சிலவற்றில் அடிப்பக்கம் இன்னும் அதிகமாக விடும். அதனால் 1 செ.மீ.க்குக் கீழே போகாதீர்கள். பக்கத்தைச் சுற்றிக் கோடு போடுவதும் ஆபத்து. தாள் ட்ரேயில் ஒரு மி.மீ. விலகி நின்றாலும் கோடு ஒருபக்கம் ஒட்டியும் மறுபக்கம் விலகியும் வந்து கண்ணை உறுத்தும்.

பைண்டிங்குக்குப் போகும் ப்ராஜெக்ட் அறிக்கை என்றால் இடது மார்ஜினைக் கூட்டுவதைவிட 'கட்டர்' (பைண்டிங்குக்கு விடும் இடம்) என்ற இடத்தில் 1 அல்லது 1.5 செ.மீ. கொடுப்பது நல்லது. இரண்டு பக்கமும் அச்சடிப்பதாக இருந்தால் 'மிரர் மார்ஜின்ஸ்' கூடவே வேண்டும். இல்லையென்றால் பின்பக்கத்து எழுத்து பைண்டிங்குக்குள் போய்விடும்.

தமிழ் எழுத்து: இங்கேதான் பாதி நாள் போகும்

"அண்ணா, வீட்ல நல்லாத்தான் இருந்துச்சு. இங்க தொறந்தா எழுத்தே மாறிப்போச்சு." வாரத்துக்கு இரண்டு பேராவது இதைச் சொல்வார்கள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு வேறு வேறு நோய்கள் இருக்கின்றன. எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நோய் பழைய எழுத்துரு. பாமினி, வானவில் மாதிரியானவை யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) வருவதற்கு முந்தைய ஏற்பாடு. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வைத்துவிடுவார்கள். பாமினியில் 'அம்மா' என்று அடிக்க எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று ஐந்து விசை தட்ட வேண்டும். கோப்புக்குள் சேமிப்பதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகள்தான். பாமினி இருக்கும் கணினியில் 'அம்மா' தெரியும், இல்லாத கணினியில் அந்த ஐந்து குறிகள் அப்படியே தெரியும். ஆகவே கோப்பு முழுக்க அர்த்தமில்லாத ஆங்கில எழுத்தாகத் தெரிந்தால் கோப்பு கெட்டுப்போகவில்லை, எழுத்துரு இல்லை என்று அர்த்தம். அதே எழுத்துருவை நிறுவினால் உடனே சரியாகிவிடும்.

யூனிகோட்டில் தமிழ் 1991-இல் வந்த முதல் பதிப்பிலிருந்தே இருக்கிறது. விண்டோஸில் அது புழக்கத்துக்கு வந்தது விண்டோஸ் 2000-உடன், லதா எழுத்துருவோடு. தமிழக அரசு 2010-இல் யூனிகோடையும் டேஸ் 16 என்ற தமிழ்க் குறியீட்டையும் தரமாக ஏற்றது. இத்தனைக்குப் பிறகும் பாமினிக் கோப்புகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பேஜ்மேக்கரும் இன்னும் சில கணினிகளில் உயிரோடு இருக்கிறது. அதற்கு யூனிகோடு தெரியாது, அதனால் பழைய எழுத்துருவை விடவும் முடியாது. புதிதாக எதையாவது தொடங்குபவர் யூனிகோட்டிலேயே தொடங்குங்கள் என்பதுதான் என் கருத்து. பழைய கோப்பை மாற்ற என்.எச்.எம். கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இருக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை முழுக்கப் படித்துவிடுங்கள். தமிழுக்கு நடுவே ஆங்கிலத்தில் இருந்த பெயர், மின்னஞ்சல் முகவரி எல்லாவற்றையும் கருவி பாமினி என்று நினைத்துத் தமிழாக்கித் தொலைத்திருக்கும்.

இரண்டாவது நோய் நுட்பமானது. எழுத்து எல்லாம் தமிழாகவே தெரியும், ஆனால் உருவம் வேறாக இருக்கும். நான்கு பக்கம் இருந்தது ஐந்து பக்கம் ஆகியிருக்கும். நீங்கள் பயன்படுத்திய யூனிகோடு எழுத்துரு இந்தக் கணினியில் இல்லாததால் மென்பொருள் வேறொன்றைப் போட்டுக்கொண்டது. பெரும்பாலும் லதா, விஜயா விஷயத்தில்தான் இது நடக்கும். விண்டோஸ் 7, 8 இரண்டிலும் லதா தானாகவே இருந்தது. விண்டோஸ் 8-இல் நிர்மலா என்ற எழுத்துருவும் சேர்ந்தது. விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் தனியாகக் கேட்டால்தான் வரும். பழைய கணினியில் லதாவில் அடித்த அழைப்பிதழைப் புது லேப்டாப்பில் திறந்தால் நிர்மலாவில் தெரியும், வரிகள் இடம் மாறும். செட்டிங்ஸில் 'ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்' போய் 'தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்' என்பதைச் சேர்த்தால் இரண்டும் திரும்ப வந்துவிடும்.

எது மாறியது என்று பார்க்க வேர்டில் ஃபைல், ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு போய்க் கொஞ்சம் கீழே இறங்குங்கள். 'ஃபான்ட் சப்ஸ்டிடியூஷன்' என்ற பொத்தான் இருக்கும். எந்த எழுத்துரு இல்லை, அதற்குப் பதில் எது போடப்பட்டது என்று அதுவே சொல்லும். லிப்ரே ஆஃபீஸில் இல்லாத எழுத்துருவின் பெயர் சாய்வாகத் தெரியும்.

நோட்டோ செரிஃப் தமிழ், முக்த மலர், காட்டமரன் போன்ற இலவச எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் கிடைக்கின்றன. படிக்கும் வரிகளுக்கு நோட்டோ செரிஃப், தலைப்புக்கு முக்த மலர் என்பது என் பழக்கம். நிறுவும்போது கோப்பின் மேல் வலது சொடுக்கு செய்து 'இன்ஸ்டால் ஃபார் ஆல் யூசர்ஸ்' கொடுங்கள். வெறும் 'இன்ஸ்டால்' கொடுத்தால் அந்தப் பயனருக்கு மட்டுமே சேரும். அப்புறம் சில மென்பொருளில் தெரியவில்லை என்று தலையைச் சொறிய வேண்டியிருக்கும்.

அளவு மாற்றினால் ஆங்கிலம் மட்டும் மாறித் தமிழ் அப்படியே நிற்கிறதா? வேர்டும் லிப்ரே ஆஃபீஸும் தமிழைத் தனி வகையாகக் கணக்கில் வைக்கின்றன. வேர்டில் ஸ்டைலைத் திருத்தும்போது ஃபான்ட் பெட்டியில் 'காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்று ஒரு பகுதி இருக்கும். தமிழுக்கான எழுத்துருவும் அளவும் அங்கேதான். அந்தப் பகுதியே தெரியவில்லை என்றால் ஆஃபீஸின் மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்துவிட்டு வாருங்கள். லிப்ரே ஆஃபீஸில் டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மொழி அமைப்பில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' டிக் வைத்திருக்க வேண்டும்.

வரி இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். இடம் மிச்சம் பிடிக்க 'எக்ஸாக்ட்லி 12' என்று வைத்துவிடுவார்கள். எழுத்தும் 12 புள்ளி, வரியும் 12 புள்ளி. ஆங்கிலத்தில் ஓரளவு தப்பிக்கும். தமிழில் 'ளி', 'றீ' போன்றவற்றின் மேற்கொம்பும் 'கூ', 'ழு', 'ஸ்ரீ' போன்றவற்றின் அடியும் வெட்டுப்படும். 12 புள்ளித் தமிழுக்கு 17 அல்லது 18 புள்ளி கொடுங்கள். தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்தியில் வரிகள் ஒழுங்கில்லாமல் ஏறி இறங்குவதும் இதனால் நின்றுவிடும். இருபுறமும் சீராக இழுத்துக் கட்டுவதையும் நோட்டீஸின் குறுகிய பத்தியில் தவிருங்கள். 'எழுந்தருளவிருக்கின்றாள்' மாதிரி ஒரு சொல் வரிக்குள் அடங்காமல் கீழே இறங்கினால் மேல் வரியில் மீதிச் சொற்களுக்கு நடுவே சந்து விழும். இடப்பக்கம் சீராக விட்டாலே பார்க்க நன்றாக இருக்கும்.

இன்டிசைனில் 'கொ', 'கோ' போன்றவற்றின் கொம்பு இடம் மாறி நின்றால் எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். பத்தி அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்தால் சரியாகும். போட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில் ப்ரிஃபரன்சஸ், டைப் பகுதியில் இதற்கான தேர்வு இருக்கும்.

எக்செல்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 'வியூ' பட்டியில் 'பேஜ் பிரேக் ப்ரிவியூ' திறந்தால் எந்த நெடுவரிசை எந்தத் தாளில் போய் விழும் என்று நீலக் கோட்டில் தெரியும். அச்சிட வேண்டிய பகுதியை மட்டும் 'பிரிண்ட் ஏரியா' ஆக்குங்கள். பக்க லேஅவுட்டில் அகலம் 1 பக்கம், உயரம் 'ஆட்டோமேட்டிக்' என்று வையுங்கள். உயரத்தையும் 1 என்று வைத்தால் நூறு வரிப் பட்டியலும் ஒரே தாளில் எறும்பு எழுத்தாக வரும். தலைப்பு வரி ஒவ்வொரு பக்கத்திலும் வர 'பிரிண்ட் டைட்டில்ஸ்'. கட்டத்துக்குள் தமிழ் திரையில் அடங்கினாலும் தாளில் ஓரம் வெட்டுப்படலாம், வரி உயரத்தைக் கொஞ்சம் தாராளமாக விடுங்கள்.

பி.டி.எஃப். ஆக்குங்கள், ஆக்கியதைச் சோதியுங்கள்

வேறு கணினியில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்றால் பி.டி.எஃப். தான் பாதுகாப்பு. எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துபோகும். வேர்டில் 'சேவ் ஆஸ்' கொடுத்து பி.டி.எஃப். தேர்ந்தெடுத்தபின் ஆப்ஷன்ஸ் பொத்தானை அழுத்தி 'பி.டி.எஃப்./ஏ' என்பதற்கு டிக் வையுங்கள். அந்த வகையில் எல்லா எழுத்துருவும் உள்ளே இருந்தே ஆக வேண்டும் என்பது விதி. லிப்ரே ஆஃபீஸிலும் எக்ஸ்போர்ட் பெட்டியில் அதே பெயரில் ஒரு டிக் கட்டம் உண்டு.

பதிந்ததா என்று பார்க்க அடோபி ரீடரில் திறந்து கன்ட்ரோல் டி தட்டுங்கள். ஃபான்ட்ஸ் தாவலில் ஒவ்வொரு எழுத்துருவின் பக்கத்திலும் 'எம்பெடெட்' அல்லது 'எம்பெடெட் சப்செட்' என்று இருக்க வேண்டும். இல்லாத ஒன்று கண்ணில் பட்டால் பிரிண்டுக்குப் போகாதீர்கள்.

வேர்டு கோப்பாகவே கொடுக்க வேண்டிய நிலை என்றால், ஆப்ஷன்ஸில் சேவ் பகுதிக்குப் போய் 'எம்பெட் ஃபான்ட்ஸ் இன் தி ஃபைல்' டிக் வைத்து, அதற்குக் கீழே பொதுவான எழுத்துருக்களைப் பதிய வேண்டாம் என்று சொல்லும் டிக்கை எடுத்துவிடுங்கள். கோரல் டிராவில் செய்த பேனர், லேபிள் என்றால் எழுத்தைத் தேர்ந்து கன்ட்ரோல் கியூ. கர்வ் (வெறும் கோட்டுருவம்) ஆக்கிவிட்டால் எழுத்துரு தேவையே இல்லை. ஆனால் கர்வ் ஆக்கிய பிறகு பிழை திருத்த முடியாது. மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். மாப்பிள்ளை பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போய், மூலமும் இல்லாமல், அழைப்பிதழ் முழுவதையும் மறுபடி அடித்த இரவு எனக்கு ஒன்று இருக்கிறது.

பிரிண்ட் பெட்டி

இங்கே பார்க்க வேண்டியது அளவு விகிதம். ரீடரில் 'ஃபிட்', 'ஆக்சுவல் சைஸ்', 'ஷ்ரிங்க் ஓவர்சைஸ்டு பேஜஸ்' போன்ற தேர்வுகள் இருக்கும். படிவம், லேபிள், முன்பே அச்சடித்த லெட்டர்ஹெட் எதுவானாலும் 'ஆக்சுவல் சைஸ்'. லெட்டர் அளவில் வந்த பி.டி.எஃப்.-ஐ ஏ4-இல் எடுக்க 'ஃபிட்'. அது சில சதவீதம் சுருங்கும். சுருங்கியதா என்று கண்ணால் கண்டுபிடிப்பது கஷ்டம். கோப்பின் ஓரத்தில் சரியாக 10 செ.மீ. கோடு ஒன்று வரைந்து, ஒரு பிரதி எடுத்து ஸ்கேலை வைத்துப் பாருங்கள். 9.7 காட்டினால் எங்கோ சுருங்கியிருக்கிறது.

வேர்டில் இதற்கு ஒரு மறைவான காரணமும் உண்டு. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, பிரிண்ட் பகுதியில் ஏ4-க்கும் லெட்டருக்கும் தகுந்தபடி அளவை மாற்றும் டிக் ஒன்று இருக்கும். அது பாட்டுக்குச் சுருக்கும், விரிக்கும். நான் எடுத்துவிடுவேன்.

திரையில் தமிழ் சரியாக இருந்து தாளில் மட்டும் கட்டம் கட்டமாக வந்தால் தகராறு டிரைவரில். ரீடரின் பிரிண்ட் பெட்டியில் அட்வான்ஸ்டு போய் 'பிரிண்ட் ஆஸ் இமேஜ்' டிக் வையுங்கள். பக்கம் முழுவதும் படமாகப் போகும், கொஞ்சம் மெதுவாக வரும், எழுத்து உடையாது. பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸில் கணினியின் ட்ரூடைப் எழுத்துக்குப் பதிலாகப் பிரிண்டரின் சொந்த எழுத்தைப் போடும் அமைப்பு இருந்தால் அதையும் நிறுத்துங்கள்.

இரண்டு பக்கமும் அச்சடிக்கும்போது, நிமிர்ந்த பக்கத்துக்கு 'ஃபிளிப் ஆன் லாங் எட்ஜ்', காலண்டர் மாதிரி மேல்நோக்கிப் புரட்டுவதற்கு 'ஷார்ட் எட்ஜ்'. மாற்றிக் கொடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும். ஏ4-ஐ மடித்து ஏ5 புத்தகமாக்க ரீடரில் 'புக்லெட்' இருக்கிறது. பக்கங்கள் நான்கின் மடங்காக இருந்தால் கடைசியில் வெற்றுப் பக்கம் வராது.

எதுவானாலும் முதலில் ஒரே ஒரு பிரதி. அதை நீங்கள் மட்டும் பார்க்காமல், அந்த நோட்டீஸை இதுவரை பார்க்காத ஒருவர் கையில் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். எங்கள் கடையில் இந்த வேலை பக்கத்து டீக்கடைக்காரருக்கு.

ஏற்காட்டிலிருந்து ஒரு கேள்வி

மலை மேல் ஒரு காபி எஸ்டேட் அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் மாதம் ஒருமுறை தாள் வாங்க வருவார். மழைக்காலத்தில் பிரிண்டர் தாளை மென்று துப்புகிறது, எழுத்தைத் தடவினால் பொடி உதிர்கிறது, மெஷினை மாற்றிவிடலாமா என்று கேட்டார். கட்டை எப்படி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். உறையைப் பிரித்து 500 தாளையும் ஜன்னலோரம் அடுக்கிவைத்திருக்கிறாராம். ஏற்காட்டு மூடுபனியில் தாள் ஈரம் குடித்து ஓரம் சுருளும். ஈரத் தாளில் டோனரும் சரியாகச் சூடேறி ஒட்டாது. தேவையான தாளை மட்டும் ட்ரேயில் வைத்து, மீதியை உறையோடு பிளாஸ்டிக் டப்பாவில் மூடிவைக்கச் சொன்னேன். மெஷினை மாற்றவில்லை.

கடைக்குக் கொண்டுவரும்போது

பென் டிரைவில் ஒரு ஃபோல்டர் போடுங்கள். அதில் பி.டி.எஃப்., மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக் கோப்பு மூன்றும் இருக்கட்டும். 'நியூ', 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'இதுதான் ஃபைனல்' என்று நான்கு கோப்புகளைக் கொண்டுவந்து எது என்று எங்களைக் கேட்காதீர்கள். பெயரோடு தேதியைப் போடுங்கள். எந்தத் தாள், எத்தனை பிரதி, ஒரு பக்கமா இரண்டு பக்கமா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிவிடுங்கள். வீட்டில் எடுத்த பிரதி இருந்தால் அதையும் மடிக்காமல் கொண்டுவாருங்கள். உங்கள் கண்ணில் சரியாகத் தெரிந்தது எது என்று பக்கத்தில் வைத்து ஒப்பிட எங்களுக்கு வேறு வழி இல்லை.